"அண்ணா, இது என் வண்டிக்குச் சேருமுங்களா?"

கேள்வி: கோவையில் இருந்துகொண்டு சைக்கிள் ஸ்பேர் பார்ட்ஸை ஆன்லைனில் விற்கலாம் என்று நினைக்கிறேன். வாங்குகிறவர்கள் எதை முக்கியமாகப் பார்ப்பார்கள்? விலையா, சீக்கிரம் வந்து சேர்வதா, நிறைய பிராண்டு இருப்பதா? தொடக்கத்திலேயே ஆப் ஒன்று செய்ய வேண்டுமா?

பதில்:

சைக்கிள் சாமான் கடை கவுண்டரில் 14 வருடம் நின்றிருக்கிறேன். அப்புறம் 6 வருடமாக ஆன்லைன் ஆர்டர்களுக்குப் பார்சல் கட்டுகிறேன். வாட்ஸாப்பில் வரும் கேள்விகளுக்குப் பதில் சொல்வதும் என் வேலைதான். நீங்கள் அடுக்கிய மூன்றையும் ஜனங்கள் பார்ப்பார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதற்கெல்லாம் முன்னால் அவர்களுக்கு ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்தாக வேண்டும். "அண்ணா, இது என் வண்டிக்குச் சேருமுங்களா?" எனக்கு வரும் பத்துச் செய்தியில் பாதிக்கு மேல் இதே கேள்விதான், வார்த்தைதான் மாறும்.

கவுண்டரில் இந்தக் கேள்விக்கு வேலையே இல்லை. பேப்பரில் சுற்றின காட்டர் பின், எண்ணெய் பிசுக்கோடு ஒரு கோன், தேய்ந்துபோன பிரேக் கட்டை என்று பழைய சாமானைக் கையோடு கொண்டுவந்து விடுவார்கள். அதை வாங்கிப் பார்த்து, டப்பாவிலிருந்து அதே மாதிரி ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டினால் வியாபாரம் முடிந்தது. அவருக்குப் பெயர் தெரிய வேண்டாம், அளவு தெரிய வேண்டாம். "பெடலுக்கு உள்ளே இருக்குமே, அது" என்றால் போதும். ஆன்லைனில் அந்தப் பழைய சாமான் உங்கள் மேஜைக்கு வராது. பெயர் தெரியாதவர், அளவு எடுக்கத் தெரியாதவர், ஒரு போட்டோவைப் பார்த்துப் பணம் கட்ட வேண்டும். தப்பான சாமான் வந்தால் திருப்பி அனுப்பும் அலைச்சலும் அவருக்குத்தான். அதனால் பாதிப் பேர் எதையும் வாங்காமலே பக்கத்தை மூடிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

டயரிலிருந்து ஆரம்பிக்கிறேன், அதிகம் விற்பதும் அதிகம் திரும்பி வருவதும் அதுதான். "26 இன்ச் டயர்" என்று மட்டும் போட்டு விற்றால் உங்களுக்கு வம்பு நிச்சயம். மலை சைக்கிளில் வரும் 26 × 1.95 டயர் ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம் 559 மி.மீ. பெண்கள் சைக்கிள்களில் பரவலாக வரும் 26 × 1⅜ டயருக்கு அதே அளவு 590 மி.மீ. இரண்டையும் ஊரில் 26 என்றுதான் சொல்வார்கள், ஆனால் 31 மி.மீ. வித்தியாசம். ஒன்றை இன்னொன்றில் மாட்டவே முடியாது. இன்னொரு வேடிக்கை: அப்பா காலத்துக் கறுப்பு சைக்கிளின் 28 × 1½ டயர் 635 மி.மீ. புதுசாக வரும் 29 இன்ச் டயர் 622 மி.மீ.தான். அதாவது 28 என்பது 29-ஐவிடப் பெரியது. பழைய ரேஸ் சைக்கிள்களில் வரும் 27 × 1¼ டயரும் 630 மி.மீ., அதுவும் 29-ஐவிடப் பெரியது. 700சி என்று எழுதியிருப்பதும் 29 என்று எழுதியிருப்பதும் ஒரே 622. இந்தக் கூத்து ஒவ்வொரு நாடும் தன் பாட்டுக்கு டயரின் வெளி அளவை வைத்துப் பெயர் வைத்ததால் வந்தது. டயரின் தடிமன் மாறியது, பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

இதற்குத் தீர்வு எப்போதோ வந்துவிட்டது. ஐஎஸ்ஓ 5775 என்ற தரப்படி டயரின் பக்கவாட்டில் 37-590, 50-559 என்கிற மாதிரி இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது ரிம்மில் உட்காரும் விட்டம். இந்த மூன்று இலக்க எண் ஒத்துப்போனால் டயர் உட்காரும். உங்கள் கடையில் தேடும் வசதி வைக்கும்போது "26 இன்ச்" என்று வைக்காதீர்கள், 559, 590, 622, 635 என்று வையுங்கள். பக்கத்திலேயே, இந்த எண் டயரில் எங்கே இருக்கும் என்று ஒரு போட்டோ. சகதி பிடித்த டயரை ஈரத்துணியால் துடைத்து, வெளிச்சத்தைச் சாய்வாக அடித்து எடுத்த போட்டோவாக இருக்கட்டும். கம்பெனி தரும் பளபளப்பான படத்தில் அந்த எண் தெரியவே தெரியாது. எண் அழிந்துபோன பழைய டயர் என்றால் ஒரு குறுக்கு வழி உண்டு. அகலத்தைப் பின்னமாக எழுதியிருந்தால் (1⅜, 1½) அது ஒரு குடும்பம், புள்ளி வைத்து எழுதியிருந்தால் (1.5, 1.95) அது வேறு குடும்பம். கணக்கில் 1½-உம் 1.5-உம் ஒன்றுதான், டயரில் ஒன்றில்லை.

ட்யூப் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், ரப்பர் இழுபடும் என்பதால். அங்கே சிக்கல் வால்வில். வால் டியூப் மாட்டும் நம் பழைய வால்வு, மோட்டார் பைக்கில் வரும் தடித்த ஷ்ரேடர் வால்வு, ரோடு சைக்கிளில் வரும் ஒல்லியான பிரெஸ்டா. பிரெஸ்டாவுக்கு ரிம்மில் போட்டிருக்கும் ஓட்டையில் ஷ்ரேடர் நுழையாது. ஆழமான ரிம்மாக இருந்தால் வால்வு நீளமும் பார்க்க வேண்டும். 50 மி.மீ. ஆழ ரிம்முக்கு 48 மி.மீ. வால்வு ட்யூப் வாங்கி, மாட்டின பிறகு காற்றடிக்க வால்வு வெளியே தெரியாமல் போனவர்கள் என்னிடம் நிறையப் பேர் வந்திருக்கிறார்கள். ட்யூப் பக்கத்தில் மூன்று வால்வையும் ஒரு ஸ்கேல் பக்கத்தில் வைத்து ஒரே படமாகப் போட்டால் இந்தக் கேள்வி முக்கால்வாசி நின்றுவிடும்.

உங்களிடம் வாங்கப் போவது யார் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கறுப்பு சைக்கிள் ஓட்டுகிறவரும், 11-ஆம் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையும் பெரும்பாலும் உங்கள் கடைக்கு வர மாட்டார்கள். அவர்களுக்குத் தெருமுனைப் பட்டறையில் பஞ்சாபின் லூதியானாவில் செய்த சாமான் எல்லாமே கிடைக்கும், மலிவாகவும் கிடைக்கும். சென்னையில் இருப்பவருக்குப் பாரிமுனைப் பக்கம் ரத்தன் பஜார் இருக்கிறது. உங்களைத் தேடி வருகிறவர் கியர் வண்டி வாங்கிவிட்டு மாட்டிக்கொண்டவர். பெரிய ஷோரூமில் இருபதாயிரமோ நாற்பதாயிரமோ கொடுத்து வாங்கியிருப்பார். அவர் இருப்பது உடுமலையாகவோ தேனியாகவோ அறந்தாங்கியாகவோ இருக்கும். ஊர்ப் பட்டறைக்காரர் பஞ்சர் ஒட்டுவார், பெண்டு எடுப்பார், ஓவராயில் செய்வார். ஆனால் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்கையோ 10 ஸ்பீடு கேசட்டையோ (பின்சக்கரத்தின் பல்சக்கர அடுக்கு) கையில் தொட்டிருக்க மாட்டார்.

அவருடைய வேதனைக்கு நல்ல உதாரணம் ஹேங்கர். பின் டெரெய்லர், அதாவது கியர் மாற்றும்போது செயினைத் தள்ளும் கருவி, ஃப்ரேமோடு சேரும் இடத்தில் இருக்கும் விரல் நீள அலுமினியத் துண்டு அது. வண்டி சாய்ந்து விழுந்தாலோ, குச்சி ஏதாவது சக்கரத்தில் சிக்கினாலோ, ஃப்ரேம் உடையாமல் தான் வளைந்து உடைய வேண்டும் என்பதற்காகவே அதை மிருதுவான உலோகத்தில் செய்கிறார்கள். சில நூறு ரூபாய் சாமான். ஆனால் நூற்றுக்கணக்கான வடிவங்கள் உண்டு, ஒன்று இன்னொன்றில் சேராது. அது உடைந்தால் வண்டி நின்றுவிடும். போன வருடம் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து ஒரு கல்லூரிப் பையன் எழுதினான்: ஹேங்கர் உடைந்து வண்டி மூன்று மாதமாகத் திண்ணையில் கிடக்கிறது, வாங்கின கடையில் "ஆர்டர் போட்டிருக்கோம்" என்ற பதிலைத் தவிர வேறெதுவும் வரவில்லை என்று. உடைந்த துண்டைக் கணக்கு நோட்டுக் கட்டத்தாள்மேல் வைத்து, நேர் மேலிருந்து ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். ஓட்டைகளுக்கு நடுவே உள்ள தூரத்தை எண்ணிப் பார்த்ததில் என்னிடம் இருந்த ஒன்றோடு ஒத்துப்போனது. மூன்றாம் நாள் வண்டி ஓடியது. அவன் அதன் பிறகு செயின், பார் டேப், லைட் எல்லாம் என்னிடம்தான் வாங்குகிறான். ஒருமுறைகூட விலை கேட்டுப் பேரம் பேசியதில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது, கையில் இருக்கும் ஒவ்வொரு ஹேங்கரையும் கட்டத்தாளில் வைத்து, அசல் அளவில் அச்செடுக்கும்படி ஒரு படம் போடுவது. வாங்குகிறவர் அச்செடுத்து, தன் உடைந்த துண்டை மேலே வைத்துப் பார்த்துக்கொள்வார். கவுண்டரில் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினோமே, அதே வேலைதான். ஸ்ராம் கம்பெனி 2019-இல் எல்லா ஃப்ரேமுக்கும் பொதுவாக ஒரே ஹேங்கர் என்று யூடிஹெச் என்ற வடிவத்தைக் கொண்டுவந்தது. விலை கூடின மலை சைக்கிள்களில் அது பரவிவிட்டது. நம் ஊரில் ஓடும் வண்டிகளில் பெரும்பாலானவை இன்னும் பழைய கதைதான், அதனால் ஹேங்கருக்கு அலைகிற ஆள் இன்னும் பல வருடம் இருப்பார்.

அடுத்து கியர் பக்கம். "7 ஸ்பீடு பல்சக்கரம் வேணும்" என்று எழுதுவார்கள். விலை குறைந்த 6, 7 ஸ்பீடு வண்டிகளில் பெரும்பாலும் ஹப்பில் (சக்கரத்தின் நடுக்குடம்) மரைபோட்டுத் திருகும் ஃப்ரீவீல் இருக்கும். 8-க்கு மேல் போனால் பொதுவாக ஹப்பின் பள்ளங்களில் வழுக்கி உட்கார்ந்து, மேலே ஒரு லாக்ரிங் போட்டு இறுக்கும் கேசட். இரண்டுக்கும் கழற்றும் சாவியே வேறு. 7 ஸ்பீடில் இரண்டு வகையும் உண்டு என்பதால் எண்ணை வைத்து முடிவு செய்ய முடியாது, சக்கரத்தைக் கழற்றி அச்சு முனையைப் போட்டோ எடுக்கச் சொல்ல வேண்டும். ஷிமானோ கம்பெனியின் 8, 9, 10 ஸ்பீடு கேசட்டுகள் ஒரே ஹப்பில் சேரும். ரோடு வண்டியின் 11 ஸ்பீடுக்கு ஹப் 1.85 மி.மீ. அகலமாக இருக்க வேண்டும். மலை வண்டியின் 12 ஸ்பீடுக்கு மைக்ரோ ஸ்ப்லைன் என்று பள்ளமே வேறு. செயினில் 6, 7, 8 மூன்றுக்கும் ஒரே செயின் போதும், 9-இலிருந்து ஒவ்வொன்றுக்கும் தனித்தனி, ஸ்பீடு கூடக் கூட செயின் ஒல்லியாகும். ஒற்றைப் பல்சக்கரக் கறுப்பு சைக்கிளின் தடிச் செயின் இவை எதிலும் உட்காராது.

இதையெல்லாம் ஒவ்வொரு சாமானின் பக்கத்திலும் எழுதுங்கள். எழுதும்போது, "எதற்குச் சேரும்" என்பதோடு "எதற்குச் சேராது" என்பதையும் எழுதுங்கள். இதை யாரும் செய்வதில்லை. விற்பனை குறைந்துவிடும் என்று பயம். என் அனுபவத்தில், "உங்கள் வண்டி ஃப்ரீவீல் வகை என்றால் இதை வாங்க வேண்டாம்" என்று போட்ட நாளிலிருந்து கேசட் விற்பனை கூடியது, திரும்பி வருவது குறைந்தது. வேண்டாம் என்று சொல்கிற கடைக்காரன் வேண்டும் என்று சொல்லும்போது ஜனங்கள் நம்புகிறார்கள்.

பாட்டம் பிராக்கெட், அதாவது பெடல் தண்டுகள் சுற்றும் நடு அச்சு, நம் பட்டறைப் பேச்சில் பி.பி. செட், அது இன்னொரு புதைகுழி. அது உட்காரும் ஃப்ரேம் குழாயான ஷெல்லின் அகலம், அச்சு நீளம், மரையா, அழுத்திச் செருகும் பிரஸ் ஃபிட்டா என்று மூன்று கேள்வி கேட்காமல் விற்காதீர்கள். அதில் "பிஎஸ்ஏ 68" என்று ஒரு அளவு வரும். நம் ஊரில் பிஎஸ்ஏ என்றால் அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ் வண்டிதான் ஞாபகம் வரும். அதே பர்மிங்ஹாம் துப்பாக்கிக் கம்பெனியின் பெயர்தான் இந்த மரைக்கும் வந்திருக்கிறது. அதில் செயின் பக்கத்துக் கப் தலைகீழ் மரை, இடமாகத் திருப்பினால்தான் இறுகும். இடது பெடலும் அப்படித்தான். இந்த ஒரு வரியை எழுதாததால் பெடல் மாட்டும் கிராங்க் தண்டின் மரையையே நாசம் செய்தவர்கள் உண்டு. கடைசியில் "உங்க பெடல் சரியில்லை" என்று உங்களுக்கு ஒரு ஸ்டார் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

பிரேக்கில் ஒன்றே ஒன்று சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். ஷிமானோ ஹைட்ராலிக் பிரேக்குக்கு மினரல் ஆயில், ஸ்ராமின் பல மாடல்களுக்கு டாட் 5.1 என்ற வேறு வகை பிரேக் ஆயில். மாற்றி ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல் ஊதிக் கெட்டுவிடும். பிரேக் விஷயம் என்பதால் இதைச் சின்ன எழுத்தில் போடாதீர்கள்.

இப்போது விலை. விலை முக்கியமில்லை என்று நான் சொன்னால் நம்பாதீர்கள். 2010-களில் நம் ஊர் சைக்கிள்காரர்கள் வட அயர்லாந்தின் செயின் ரியாக்ஷன் சைக்கிள்ஸிலிருந்து சாமான் வரவழைத்துக் கொண்டிருந்தார்கள். கஸ்டம்ஸ் கட்டியும் சில சாமான் இங்கே வாங்குவதைவிட மலிவாக இருந்தது. விலைக்காகப் போனவர்கள் அங்கே வேறொன்றையும் கண்டார்கள். பல் எண்ணிக்கை, எடை, எந்த ஹப்புக்கு, பெட்டிக்குள் போல்ட் இருக்கிறதா இல்லையா என்று எல்லாம் எழுதியிருக்கும். கீழே ஏற்கெனவே வாங்கினவர்களின் கேள்வி பதில் இருக்கும். அந்தப் பக்கங்களைப் பார்த்துப் பழகின கண்தான் இன்று உங்கள் கடையையும் பார்க்கப் போகிறது. அந்தக் கடை 2016-இல் விகிள் என்ற இன்னொரு பிரிட்டிஷ் ஆன்லைன் சைக்கிள் கடையோடு இணைந்தது. 2023 அக்டோபரில் தாய்க் கம்பெனிக்கு வர வேண்டிய பணம் நின்றுபோக, விகிள் திவால் நிர்வாகிகளின் கைக்குப் போய்விட்டது. அவ்வளவு பெரிய கடையையே குறைந்த விலை காப்பாற்றவில்லை. உங்களைவிட ஐம்பது ரூபாய் குறைத்து விற்க எப்போதும் ஒருவர் இருப்பார்.

விலையில் ஜனங்களுக்கு எரிச்சல் மூட்டுவது வேறு. 60 ரூபாய் கேபிளைக் கூடையில் போட்டுக் கடைசிப் பக்கம் வரை வந்த பிறகு 90 ரூபாய் கூரியர் என்று காட்டுவது. அப்படியே மூடிவிட்டுப் போவார்கள், திரும்பி வர மாட்டார்கள். மொத்த விலையை, எதற்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்ட வேண்டும் என்று 2020-இல் வந்த மின்வணிக நுகர்வோர் விதிகளே சொல்கின்றன. எந்த நாட்டில் செய்தது என்பதும் போட வேண்டும், புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று பதில் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். சட்டத்துக்காகச் செய்வதைக் கொஞ்சம் முன்னாலேயே, சாமான் பக்கத்திலேயே செய்துவிடுங்கள்: "உங்கள் பின்கோடுக்கு இவ்வளவு." 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கும் பாகங்களுக்கும் ஜிஎஸ்டி 12-இலிருந்து 5 சதவீதமாகக் குறைந்ததே, அன்று காலையிலேயே "குறைச்சிட்டீங்களா?" என்று கேட்டு மெசேஜ் வந்தது. கணக்குப் பார்க்கிறவர்கள்தான் எல்லோரும்.

கூரியர் செலவு சாமானைவிடக் கூடுதல் ஆகும் இடத்தில், கூடவே என்ன தேவைப்படும் என்று யோசித்து வையுங்கள். செயின் வாங்குகிறவருக்கு இரண்டு நுனியையும் சேர்க்கும் குயிக் லிங்க் வேண்டும். பிரேக் கேபிளுக்கு வெளிக் கூடும், நுனி பிரியாமல் இருக்க மூடியும் வேண்டும். கேசட் மாற்றுகிறவருக்கு லாக்ரிங் சாவி வேண்டும். வீட்டில் வண்டியைப் பிரித்துப் போட்ட பிறகுதான் அவருக்கு இது தெரியவரும், அப்போது ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆகியிருக்கும். இன்னொன்று, சில்லறையாக விற்பது. பின் ஹப்புக்குக் கால் இன்ச் பால்ரஸ் பக்கத்துக்கு 9, ஆக 18 போதும். 144 உருண்டை கொண்ட பாக்கெட்டை வாங்கச் சொன்னால் எவரும் வாங்க மாட்டார். ஒரே ஒரு ஸ்போக்ஸ் கம்பி உடைந்தவருக்கு 36 கம்பி எதற்கு? மூன்று கம்பி, மூன்று நிப்பிள் என்று கட்டி வையுங்கள். லாபம் அதிகம் வராது. ஆனால் வேறு எவரும் இதைச் செய்வதில்லை என்பதால் தேடி வருவார்கள்.

செயின் பற்றிப் பேசும்போது ஒரு தந்திரம். செயின் தேய்ந்துவிட்டதா என்று பார்க்கத் தனிக் கருவி தேவையில்லை, பள்ளிக்கூட ஸ்கேல் போதும். புதுச் செயினில் 24 பின் இடைவெளி சரியாக 12 இன்ச் வரும். அது 12¹⁄₁₆ ஆகிவிட்டால் செயினை மாற்ற வேண்டும். 12⅛ வரை விட்டுவிட்டால் கேசட்டையும் சேர்த்துச் சாப்பிட்டிருக்கும். இதைத் தமிழில், ஒரு படத்தோடு, செயின் விற்கும் பக்கத்தில் போட்டேன். "என் செயின் இன்னும் நல்லாதான் இருக்கு, வாங்கலை, நன்றி" என்று ஒருவர் எழுதினார். ஏழு மாதம் கழித்து அதே ஆள் வந்து வாங்கினார்.

இந்த வழியில் முன்னோடி ஒருவர் உண்டு. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஹாரிஸ் சைக்கிளரி என்ற சின்னக் கடை. அங்கே வேலை பார்த்த ஷெல்டன் பிரவுன், டயர் அளவு, மரை, பல் விகிதம், பழைய ஆங்கிலேய மூன்று ஸ்பீடு ஹப் என்று தனக்குத் தெரிந்ததையெல்லாம் இணையத்தில் எழுதிப் போட்டார். அதைப் படிக்க வந்தவர்கள் அந்தக் கடையில் சாமானும் வாங்கினார்கள். அவர் 2008-இல் இறந்துவிட்டார், கடையும் 2021-இல் மூடப்பட்டது. அந்தப் பக்கங்களை உலகமெங்கும் மெக்கானிக்குகள் இன்றும் திறந்து பார்க்கிறார்கள், நான் உட்பட. தமிழில் அப்படி ஒரு இடம் என் கண்ணுக்குத் தட்டுப்படவில்லை. ஆங்கிலத்தில் "பிரெஸ்டா" என்று தேடத் தெரிந்தவருக்கு வழி இருக்கிறது. "ஒல்லி வால்வு டியூப்" என்று தேடுகிறவருக்கு எதுவும் வருவதில்லை. பால்ரஸ், பிரேக் கட்டை, போக்ஸ் கம்பி, வால் டியூப் என்று பட்டறைப் பெயர்களிலும் தேடினால் உங்கள் சாமான் வர வேண்டும். இது பெரிய செலவில்லாத வேலை, ஆனால் பொறுமை வேண்டும்.

ஸ்டாக் விஷயத்துக்கு வருகிறேன். நானே ஏமாந்த கதை. ஒரு ஆன்லைன் கடையில் "உள்ளது" என்று போட்டிருந்த 600 கி.மீ. பிரெவேக்கு வேண்டிய டயர் ஒன்றை நண்பருக்காக ஆர்டர் செய்தேன். பிரெவே என்பது நேரக் கெடு வைத்த நெடுந்தூர ஓட்டம், 600-ஐ 40 மணி நேரத்தில் முடிக்க வேண்டும். தேதி நிச்சயிக்கப்பட்ட விஷயம், பத்து நாள் முன்னாலேயே பணம் கட்டியாகிவிட்டது. ஒன்பதாம் நாள் "ஸ்டாக் இல்லை, பணம் திரும்ப வரும்" என்று ஒரு மெயில். பணம் வந்தது, ஓட்டம் போனது. அந்தக் கடை மோசடிக் கடை ஒன்றுமில்லை. டீலரிடம் இருக்கும் ஸ்டாக்கைத் தன்னிடம் இருப்பதாகக் காட்டியது, அவ்வளவுதான். சைக்கிள் சாமானில் இது பரவலாக நடக்கிறது. "எங்கள் அலமாரியில் 2", "டீலரிடமிருந்து வர வேண்டும், 6 நாள்" என்று இரண்டாகப் பிரித்துக் காட்டுங்கள். ஆறு நாள் ஆகும் என்று முன்னால் சொன்னால் பெரும்பாலானவர்கள் காத்திருப்பார்கள். நாளைக்கே வரும் என்று சொல்லி நான்காம் நாள் போனால்தான் சண்டை. வேகம் பற்றி நீங்கள் கேட்டதற்கு என் பதில் இதுதான்.

டூப்ளிகேட் பயமும் நிஜம். பெயர்பெற்ற பிராண்டுச் செயின்களும் பிரேக் பேட்களும் அச்சு அசல் பெட்டியில் போலியாக வருகின்றன. எங்கே கொள்முதல் செய்தீர்கள் என்று ஒரு வரி, ஜிஎஸ்டி பில், நீங்களே எடுத்த போட்டோ, இந்த மூன்றும் இருந்தால் சந்தேகம் பெரும்பாலும் தீரும். கம்பெனிப் படத்தை மட்டும் ஒட்டியிருக்கும் கடையைத்தான் சந்தேகப்படுகிறார்கள்.

பார்சல் கட்டுவதில் மூன்று எச்சரிக்கை. கம்பி வைத்த டயரை எட்டாக மடித்து நெருக்கிக் கட்டினால் கம்பி நெளிந்து ரிம்மில் சரியாக உட்காராது. டிஸ்க் ரோட்டரை இரண்டு கெட்டி அட்டைக்கு நடுவே வைக்காவிட்டால் வளைந்து போய்ச் சேரும், அப்புறம் பிரேக் போடாமலே "சரக் சரக்" என்று உரசும். காற்றடிக்கும் கார்பன் டை ஆக்சைடு குப்பிகளை விமானக் கூரியரில் போட முடியாது, தரைவழிதான். அதனால் அதோடு சேர்த்து ஆர்டர் செய்தால் மற்றதும் தாமதமாகும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

திருப்பி எடுப்பதில் தெளிவாக இருங்கள். மாட்டாத சாமான் 10 நாளுக்குள் என்றால் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். மாட்டிப் பார்த்த பிரேக் பேட், வெட்டிய செயின் போன்றவற்றை எடுக்க முடியாது என்று சொன்னால் புரிந்துகொள்கிறார்கள். நீங்கள் "சேரும்" என்று வாட்ஸாப்பில் சொல்லி, சேராமல் போனால், போக வரக் கூரியர் இரண்டும் உங்கள் செலவு. நான் இதை எழுதியே போட்டிருக்கிறேன். மாதம் ஒன்றிரண்டு வரும், கை கடிக்கும். அப்போதெல்லாம் அடுத்த முறை இன்னொரு போட்டோ கேட்காமல் பதில் சொல்வதில்லை என்று வைத்துக்கொள்கிறேன்.

யாரும் வாய்விட்டுக் கேட்காத ஒரு பயம் வாங்குகிறவருக்கு உண்டு: சாமான் வந்துவிடும், மாட்டித் தருவது யார்? "வெளியே வாங்கினதை எல்லாம் நான் மாட்ட மாட்டேன்" என்று முகத்தைத் திருப்பும் பட்டறைக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், சாமானில் வரும் பத்து இருபது ரூபாயில்தான் அந்தப் பிழைப்பே ஓடியது. அதனால் மெக்கானிக்குகளை எதிரியாக்காமல் வாடிக்கையாளராக்குங்கள். பட்டறை வைத்திருப்பவருக்குத் தனி விலை, மாதக் கணக்கு, அவர் பெயரில் பில். ஊர்வாரியாக, "இங்கே மாட்டித் தருவார்கள், கூலி இவ்வளவு" என்று ஒரு பட்டியல், அவர்கள் சம்மதத்தோடு. என்னிடம் இன்று வாரம் தவறாமல் ஆர்டர் போடுகிறவர்களில் பாதிப் பேர் சைக்கிளே ஓட்டாத மெக்கானிக் அண்ணன்கள்தான். போட்டோவில் காட்டர் பின்னை ஸ்கேல் பக்கத்தில் வைத்து, "9.5-ஆ 9-ஆ பார்த்துச் சொல்லுப்பா" என்று அனுப்புவார்கள். ஸ்கேல் வைத்துப் படம் எடுக்கப் பழக்கிவிட்டது வரை எனக்குப் பெருமைதான்.

கடைசியாக ஆப். வேண்டாம். வருடத்துக்கு மூன்று முறை சைக்கிள் சாமான் வாங்குகிறவர் அதற்கென்று ஒரு ஆப்பை போனில் வைத்திருக்க மாட்டார். அந்தப் பணத்தில் ஒரு வெர்னியர் காலிப்பர், வெள்ளைத் துணி விரித்த ஒரு மேஜை, நல்ல லைட் இரண்டு, வாட்ஸாப்புக்குத் தனி நம்பர் வாங்குங்கள். 40 சாமானோடு ஆரம்பியுங்கள், அதில் பத்து ஹேங்கராக இருக்கட்டும். கடை போட்டதும் லிங்க் அனுப்புங்கள், என் வண்டியில் ஒரு 590 டயர் மாற்ற வேண்டியிருக்கிறது.